பேப் ரூத்தா, வில்லி மேஸா? பேஸ்பால் வாதத்தில் சறுக்கும் இடங்கள்

பேஸ்பாலில் எக்காலத்துக்கும் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று பேச்செடுத்தால் பேப் ரூத், வில்லி மேஸ், ஹாங்க் ஆரன், பாரி பாண்ட்ஸ் என்று நான்கு பெயர்கள் உடனே வந்து விழும். இப்போது ஷோஹெய் ஓதானியும் சேர்ந்துகொண்டார். பேச்சு முடிவுக்கு வராமல் இழுப்பதற்கு முதல் காரணம், ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான். தன் காலத்து ஆட்டக்காரர்களை விட எவ்வளவு உயரத்தில் நின்றார் என்பது ஒரு கேள்வி. பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங், எறிதல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முழுமையானவர் யார் என்பது வேறு கேள்வி. இன்றைக்கு மைதானத்தில் இறக்கிவிட்டால் யார் ஜெயிப்பார் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது, அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மற்ற இரண்டில் எதைப் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது, மொத்த எண்ணிக்கையை அப்படியே அடுக்கி வைப்பது. ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து எல்லா பேஸையும் சுற்றி வருவது) பட்டியலில் பாண்ட்ஸ் 762, ஆரன் 755, ரூத் 714. இதை மட்டும் பார்த்தால் ரூத் மூன்றாம் இடத்துக்காரர். ஆனால் 1920-ஐ எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு நியூயார்க் யாங்கீஸுக்காக அவர் 54 ஹோம் ரன் அடித்தார். மேஜர் லீக் எனப்படும் உச்சநிலைப் போட்டியின் இரு பிரிவுகளில் (மற்றது நேஷனல் லீக்) ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அவருக்கு அடுத்து வந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19. அந்த லீக்கின் மற்ற ஏழு அணிகளில் எந்த ஓர் அணியும், மொத்த ஆட்டக்காரர்களும் சேர்ந்துகூட, 54-ஐ எட்டவில்லை. அதற்கு முன்பு பாஸ்டனில் முன்னணிப் பிட்சராக இருந்தவர் வேறு. பந்து வீசி 94 வெற்றிகள் அவர் கணக்கில் உண்டு. தன் காலத்தை விட உயர்ந்து நின்றவர் யார் என்பதுதான் கேள்வி என்றால், ரூத்தைத் தாண்டிப் போவது கஷ்டம்.

ஆனால் அந்தக் காலத்தில் யாரை உள்ளே விடவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் இந்த வாதத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ரூத் ஆடிய 1914 முதல் 1935 வரை மேஜர் லீக்கில் ஒரு கறுப்பினத்தவருக்கும் இடம் கிடையாது. புகழ்பெற்ற கறுப்பினப் பிட்சர் சாட்செல் பேஜ் வீசிய பந்தை அவர் லீக் ஆட்டம் ஒன்றில்கூட எதிர்கொண்டதில்லை. ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி அந்தச் சுவரை உடைத்தது 1947 ஏப்ரல் 15-இல். கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளின் மாபெரும் பேட்ஸ்மேனாகிய ஜோஷ் கிப்சன் அதற்கு மூன்று மாதம் முன்பு 35 வயதில் இறந்துவிட்டார். 2020 டிசம்பரில்தான் 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்காகவே ஏற்றார்கள். 2024-இல் அந்தப் புள்ளிவிவரங்கள் அதிகாரபூர்வப் பதிவில் சேர்ந்ததும், கிப்சனின் .372 பேட்டிங் சராசரி (மட்டை பிடித்ததில் அடித்து பேஸை எட்டிய விகிதம்) அதுவரை முன்னணியில் இருந்த டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது.

உடனே, 'அவர் ஆடிய ஆட்டங்கள் குறைவு, கணக்கில் சேராது' என்று ஒருவர் சொல்வார். ஆட்டங்கள் குறைவுதான், நீக்ரோ லீக் சீசன் சுமார் 60 ஆட்டம் என்ற அளவில் இருந்தது. அப்படி இருந்ததற்கு கிப்சன் காரணம் இல்லையே. மறுக்கப்பட்ட வாய்ப்பை அவருடைய குறையாக எழுதுவது அநியாயம் என்றே நினைக்கிறேன். அவர் பெயரே வராத 'எக்காலத்துக்கும்' பட்டியல் எதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

எண்ணில் அடங்காததை மறந்துவிடுவதும் உண்டு. 1954 செப்டம்பர் 29, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ், இரு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரின் முதல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் 2-2 சமநிலை. ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு பேஸ்களில் முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் கிளீவ்லாந்து ஆட்டக்காரர்கள் நிற்கிறார்கள், இன்னும் ஒரு அவுட்கூட இல்லை. விக் வெர்ட்ஸ் அடித்த பந்து சென்டர் ஃபீல்டின் ஆழத்துக்குப் பறக்கிறது. வேறு பல மைதானங்களில் அது ஹோம் ரன். வில்லி மேஸ் பேட்ஸ்மேனுக்கு முதுகைக் காட்டியபடி ஓடிக்கொண்டே, தோளுக்கு மேலாக வந்த பந்தை இரு கைகளாலும் பிடிக்கிறார். பிடித்த வேகத்திலேயே சுழன்று உள்ளே எறிகிறார். தொப்பி கழன்று விழுகிறது, அவரும் விழுகிறார். இரண்டாவது பேஸில் இருந்தவர் மூன்றாவதுக்குத்தான் போக முடிந்தது, முதலாவதில் இருந்தவர் நகரவே இல்லை. அந்த இன்னிங்ஸில் கிளீவ்லாந்துக்கு ரன் இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் ஆட்டத்தை வென்று, தொடரையும் 4-0 எனக் கைப்பற்றியது. ஸ்கோர் புத்தகத்தில் இந்தப் பிடிக்கு ஒரு சாதாரண அவுட்டின் மதிப்புதான்.

மேஸ் 660 ஹோம் ரன் அடித்தார். 1956 முதல் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நேஷனல் லீக்கிலேயே அதிக பேஸ் திருடியவர் (எதிரணி அசரும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதுதான் திருட்டு). சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருது தொடங்கிய 1957 முதல் வரிசையாக 12 முறை அதை வாங்கினார். ராணுவத்தில் இருந்ததால் 1952-இல் பெரும்பகுதியும் 1953 முழுவதும் அவருக்குப் போயிற்று. டெட் வில்லியம்ஸுக்கு இரண்டாம் உலகப் போரில் மூன்று சீசன் முழுதாகவும், கொரியப் போரில் இரண்டு சீசன்களின் பெரும்பகுதியும் போனது. இந்த ஓட்டைகளைப் பார்க்காமல் மொத்தக் கணக்கை ஒப்பிடக் கூடாது.

கோப்பைகளை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. ஒன்பது பேர் மாறி மாறி மட்டை பிடிக்கும் ஆட்டத்தில் ஒருவர் அணியைத் தூக்கி நிறுத்த முடியாது. எர்னி பேங்க்ஸ் 512 ஹோம் ரன் அடித்தும் உலகத் தொடரில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பிட்சரின் பெயரில் எழுதப்படும் அணி வெற்றிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். 2018-இல் ஜேக்கப் டிகிராம், ஃபீல்டிங் பிழைகளால் வந்தவை போக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ரன்தான் கொடுத்தார்; அவர் அணி ரன் எடுத்துத் தராததால் கணக்கு 10 வெற்றி, 9 தோல்வி. நல்லவேளை, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே கிடைத்தது.

சாதாரண மாற்று ஆட்டக்காரரை விட ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று மதிப்பிடும் 'வார்' என்ற ஒற்றை எண்ணைக் காட்டி வாதத்தை முடிக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பயனுள்ள கணக்குதான், மைதானத்தின் தன்மையையும் காலத்தையும் சரிசெய்துகொள்ளும். ஆனால் அதைப் போடுபவர்கள் ஒன்றுக்கு மேல், முறைகளும் வேறு. பழைய காலத்து ஃபீல்டிங் மதிப்பு பெரும்பாலும் ஊகம். தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம்.

பாண்ட்ஸ் விஷயத்தில் இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். ஊக்கமருந்து விவகாரத்தால், பத்து ஆண்டு வாக்கெடுப்பிலும் பேஸ்பால் செய்தி எழுத்தாளர்கள் அவரை, ஆட்டக்காரர்களுக்கான உயர்ந்த கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. 2001-இல் அவர் அடித்த 73-ஐ அந்த நிழலை மறந்துவிட்டுப் பேச முடியாது. அதற்காக 1998-க்குள்ளேயே மூன்று எம்விபி (ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருதும், அதுவரை யாரும் தொடாத 400 ஹோம் ரன், 400 திருட்டு என்ற இரட்டைச் சாதனையும் கைவசம் வைத்திருந்தவரை ஒன்றுமில்லாதவராக்குவதும் சரியில்லை.

அப்புறம் ஓதானி. 2024-இல் 54 ஹோம் ரன், 59 திருட்டு. 2025 அக்டோபரில் ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில் பிட்சராக 10 பேரை ஸ்டிரைக் அவுட் (பந்து வீச்சாலேயே அவுட்) செய்து, மூன்று ஹோம் ரனும் அடித்தார். ரூத்கூட இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தது சில சீசன்கள்தான். ஆனாலும் ஆடிக்கொண்டிருப்பவரையும் ஆடி முடித்தவர்களையும் ஒரே தராசில் வைப்பது அவசரம். முழுமையான ஆட்டக்காரர் யார் என்ற கேள்விக்கு, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடிய லீக்கில் அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறிதல் என ஐந்து திறமைகளையும் இருபது ஆண்டுக்கு மேல் காட்டிய மேஸ்தான் இன்றைக்கும் என் பதில். ஓதானி இன்னும் ஐந்து ஆண்டு இப்படியே பந்தும் வீசி மட்டையும் பிடித்தால், அந்தப் பதிலை மாற்றிக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை.