பழைய கம்ப்யூட்டருக்கு ராம் கூட்டுவது எப்படி? அடையாளம் காண்பதிலிருந்து சோதிப்பது வரை

ராம், அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம் (மெமரி), மாட்டுவது சில நிமிட வேலை. எந்த ராம் வாங்குவது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கடையில் "டிடிஆர்3, 4 ஜிபி" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால், பழைய மதர்போர்டு அதை ஏற்காமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அடையாளம் காண்பதைப் பற்றித்தான். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் வாங்கப் போங்கள்.

படி 1: குறை ராமில்தானா என்று பாருங்கள்

தினமும் என்னென்ன புரோகிராம்களைத் திறந்து வைத்து வேலை செய்வீர்களோ, எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். பயன்பாடு 85, 90 சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தால் ராம் போதவில்லை. இடம் இல்லாததால் விண்டோஸ் தகவல்களை ஹார்டு டிஸ்கில் தள்ளிவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுபறிதான் உங்களுக்கு வேகக் குறைவாகத் தெரிகிறது.

பாதி மெமரி காலியாக இருந்தும் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா? அப்படியானால் ராமில் பணம் போடாதீர்கள். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சிப்களில் தகவலைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போட்டால் கிடைக்கும் பலன் அதைவிடப் பல மடங்கு.

கூடவே, சிஸ்டம் விவரத்தில் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துவிடுங்கள். 32 பிட் விண்டோஸ் அதிகபட்சம் 4 ஜிபியைத்தான் தொடும், அதிலும் பெரும்பாலும் 3 முதல் 3.5 ஜிபி வரைதான் பயன்படும். 8 ஜிபி போட்டுப் பயனில்லை. 64 பிட்டுக்கு மாற விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும், பிராசஸரும் 64 பிட்டாக இருக்க வேண்டும்.

படி 2: தலைமுறையைக் கண்டுபிடியுங்கள்

டிடிஆர் என்பது ராம் வகையின் பெயர், அதன் பின்னால் உள்ள எண் தலைமுறை. டிடிஆர்2 வந்தது 2003 வாக்கில், டிடிஆர்3 2007இல், டிடிஆர்4 2014இல். ஒன்றின் ஸ்லாட்டில் (மதர்போர்டில் ராம் செருகும் இடம்) இன்னொன்று நுழையாது, ஏனென்றால் அடியில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். டெஸ்க்டாப் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள் (அடியில் உள்ள தங்க நிறப் பற்கள்), அட்டையின் நீளமும் ஒன்றே. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் இந்த இரண்டில்தான் குழப்பம் அதிகம். டிடிஆர்4க்கு 288 பின்கள். லேப்டாப் ராம் நீளத்தில் ஏறக்குறைய பாதி: டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260 பின்கள்.

பெட்டியைத் திறக்காமலே தெரிந்துகொள்ள சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் மெமரி பகுதி தலைமுறையைச் சொல்லும். எஸ்பிடி பகுதியில் ஒவ்வொரு ஸ்லாட்டாகத் தேர்ந்தெடுத்தால், அந்த ஸ்லாட்டில் உள்ள ராமின் அளவும் மாடல் எண்ணும் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: மெமரி பகுதியில் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் உங்களுடையது 1600 ராம். ஒரு துடிப்பில் இரண்டு முறை தகவல் போவதால், பெயரில் உள்ள எண் எப்போதும் அதன் இரட்டிப்பு. ராம் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரும் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று காட்டும். ஆனால் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட மெல்லிய லேப்டாப்களில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. உங்கள் மாடலுக்கான கையேட்டைப் பாருங்கள், அல்லது மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 3: ராமின் மேல் உள்ள லேபிளைப் படியுங்கள்

நம்பகமான தகவல் ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இருக்கும் ராமைக் கழற்றி லேபிளை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். (எப்படிக் கழற்றுவது என்று படி 5இல் இருக்கிறது.) ஒரு லேபிளில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்".

4 ஜிபி என்பது அளவு. 2ஆர்எக்ஸ்8 என்ன என்று படி 4இல் பார்ப்போம். பிசி3 என்றால் டிடிஆர்3. 12800ஐ 8ஆல் வகுத்தால் 1600, அதுதான் வேகம். இதே கணக்கில் பிசி2-6400 என்பது டிடிஆர்2 800. கடைசியில் உள்ள எஸ் என்ற எழுத்து லேப்டாப் அளவைக் குறிக்கும். டெஸ்க்டாப் ராமில் அந்த இடத்தில் யு இருக்கும். ஆர் இருந்தால் அது சர்வர் ராம், சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடாது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய இத்தகைய ராம் மலிவாகக் கிடைக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

பிசி3க்குப் பின்னால் உள்ள எல் சின்ன எழுத்துதான், ஆனால் முக்கியமானது. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும், எல் வகை 1.35 வோல்ட்டில். இன்டெல் நான்காம் தலைமுறை கோர் பிராசஸர் உள்ள லேப்டாப்கள் 2013 முதல் வந்தன. அவை 1.35 வோல்ட் ராமையே எதிர்பார்க்கும், 1.5 வோல்ட் ராமை மாட்டினால் திரை இருட்டாகவே நிற்கலாம். எல் வகை ராமோ பெரும்பாலும் இரண்டு வோல்ட்டிலும் ஓடும். லேப்டாப்புக்கு டிடிஆர்3 வாங்கும்போது எல் வகையையே கேளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

படி 4: போர்டு எவ்வளவு தாங்கும்?

மதர்போர்டின் மாடல் எண்ணைத் தேடி, அதிகபட்ச மெமரி எவ்வளவு, ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். சிபியு-இசட்டின் மெயின்போர்டு பகுதியில் மாடலும் சிப்செட்டும் (போர்டை இயக்கும் முக்கிய சிப்கள்) தெரியும்.

டிடிஆர்3 போர்டுகளில் மொத்த அளவை மட்டும் பார்த்தால் போதாது. இன்டெல் ஜி41 சிப்செட் போர்டுகளையும், முதல் தலைமுறை கோர் பிராசஸர் உள்ளவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவை 2 ஜிகாபிட் வரை உள்ள சிப்களை மட்டுமே படிக்கும். 2 ஜிகாபிட் என்றால் 256 எம்பி. ஆக, 4 ஜிபி ராமில் இருபுறமும் சேர்த்து 16 சிப்கள் இருந்தால் ஒவ்வொன்றும் 256 எம்பி, அந்த ராம் ஓடும். அதே 4 ஜிபி ஒருபுறம் 8 சிப்களோடு வந்தால் ஒவ்வொன்றும் 512 எம்பி, அது ஓடாது. இப்போது விற்கும் டிடிஆர்3 4 ஜிபி ராம்களில் இந்த 8 சிப் வகை சகஜம். "புது ராம் பழுது" என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் சில உண்மையில் நல்ல ராம்தான், போர்டுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. லேபிளில் 2ஆர்எக்ஸ்8 என்று இருந்தால் 16 சிப்கள், 1ஆர்எக்ஸ்8 என்றால் 8 சிப்கள். வாங்கும் முன் கேட்டு, முடிந்தால் எண்ணிப் பாருங்கள். இரண்டாம் தலைமுறை கோர் முதல் இந்தத் தொல்லை இல்லை.

"ஏஎம்டிக்கு மட்டும்" என்று மலிவாக விற்கும் டிடிஆர்3 ராமும் இன்டெல் போர்டில் ஓடாது.

வேகம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வேகம் கூடிய ராமைப் போட்டாலும் போர்டு தாங்கும் வேகத்தில்தான் ஓடும். இரண்டு வேகங்கள் கலந்தால் குறைந்த வேகத்துக்கு எல்லாம் இறங்கும். முடிந்தால் ஒரே அளவில் இரண்டாக வாங்குங்கள். இரண்டு சேனலிலும் (ராமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதைகள்) ஒரே நேரத்தில் தகவல் போகும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்களில் அதன் பலன் நன்றாகவே தெரியும்.

படி 5: மாட்டுங்கள்

கம்ப்யூட்டரை அணைத்து மின்கம்பியைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும், அதனால் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

டெஸ்க்டாப்பில் ஸ்லாட்டின் ஓரக் கிளிப்புகளை வெளிப்பக்கம் தள்ளினால் பழைய ராம் மேலே எழும். ஓரங்களைப் பிடித்து எடுங்கள், தங்க நிறப் பற்களில் கை படக் கூடாது. புது ராமின் வெட்டை ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருத்தி, இரண்டு முனைகளையும் கட்டைவிரல்களால் நேராகக் கீழே அழுத்துங்கள். கிளிப் தானாக எழுந்து "டக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் அழுத்தம் தேவைப்படும். ஆனால் வெட்டு பொருந்தாவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் போகாது, எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ராமை எந்த ஜோடியில் மாட்ட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் ஸ்லாட்டின் நிறமே காட்டிக்கொடுக்கும்.

லேப்டாப்பில் ராமைச் சாய்வாக உள்ளே செருகுங்கள். பற்கள் ஏறக்குறைய முழுவதும் மறைந்த பிறகு கீழே படுக்கவைத்தால் இருபுறக் கிளிப்புகளும் பிடித்துக்கொள்ளும்.

படி 6: சோதியுங்கள்

திரை வரவில்லை, பீப் சத்தம் மட்டும் வருகிறது என்றால் முதலில் ராமைக் கழற்றி மறுபடி நன்றாக அழுத்தி மாட்டுங்கள். பழைய ராமின் பற்கள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் புது ராமை மட்டும் ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.

திரை வந்து, டாஸ்க் மேனேஜரில் புதிய அளவு காட்டுகிறதா? சரி, ஆனால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கொஞ்சம் பழுதான ராமும் சாதாரணமாகத் தொடங்கி, சில நாட்கள் கழித்து நீலத் திரை காட்டும், ஃபைல்களைக் கெடுக்கும். விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓட்டுங்கள். மெம்டெஸ்ட்86 இன்னும் கடுமையாகச் சோதிக்கும். பென் டிரைவிலிருந்து தொடங்கி ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ராமையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிழை ஒரு ராமில் மட்டும் வந்தால் அதை உடனே கடையில் மாற்றுங்கள். எந்த ராமைப் போட்டாலும் வந்தால் அடுத்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், அங்கே பிழை வராவிட்டால் கோளாறு அந்த முதல் ஸ்லாட்டில்தான்.