பொதுவள நிர்வாகத்தில் அதிகாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுவளம், அதாவது பலர் சேர்ந்து பயன்படுத்தும் மேய்ச்சல் நிலம், நீர், காடு போன்றவை, என்றாலே அது சீரழிந்துதான் தீரும் என்ற முடிவோடு தொடங்குவது பழைய தவறு. 1968-இல் இந்த எண்ணத்தைப் பரப்பிய சூழலியலாளர் காரெட் ஹார்டினே, தாம் சொன்னது நிர்வகிக்கப்படாத பொதுவளத்துக்கே பொருந்தும் என்று பின்னாளில் திருத்திக்கொண்டார். பயனாளிகளே விதி வகுத்துக் காத்துவந்த வளங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், மக்களிடம் ஒப்படைத்தாலே போதும் என்று நம்புவதும் தவறுதான். அந்த மக்களுக்குள் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்பதை அந்த நம்பிக்கை பார்க்கத் தவறுகிறது.

பாசன வாய்க்காலில் தலைமடைக்காரருக்கு நீர் முதலில் கிடைக்கும், மிஞ்சியதுதான் கடைமடைக்கு. ஆயினும் மண்ணும் கல்லும் கொண்டு கட்டிய தடுப்பணை வெள்ளத்தில் உடையும்போதெல்லாம் அதைச் சீர்செய்யக் கடைமடைக்காரரின் உழைப்பும் வேண்டியிருப்பதால், அவருடைய பங்கை எளிதில் மறுத்துவிட முடியாது. நேபாளப் பாசன முறைகளைப் பற்றிய ஆய்வுகள் காட்டியபடி, உதவி செய்யும் நோக்கில் நிலையான கான்கிரீட் தலைமதகு கட்டித் தரும்போது அந்த உழைப்புக்கான தேவை குறைகிறது. கூடவே கடைமடைக்காரரின் பேரம் பேசும் வலுவும் போய்விடுகிறது. பொறியியல் நோக்கில் குறையில்லாத திட்டம் அதிகாரச் சமநிலையைக் குலைப்பது இப்படித்தான்.

விதி எல்லோருக்கும் ஒன்று என்பதாலேயே அதை நடுநிலையானது என்று கருதுவது அடுத்த தவறு. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில், குளிர்காலத்தில் தீவனமிட்டுக் காக்கக்கூடிய மாடுகளுக்கு மேல் ஒருவர் பொது மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது என்ற விதி 1517-லேயே பதிவாகியிருக்கிறது. மேய்ச்சல் நிலத்தை அது காத்தது உண்மை. எனினும், சொந்த நிலத்தில் அதிகத் தீவனப்புல் விளைவிப்பவருக்கே பொதுநிலத்திலும் அதிகப் பங்கு என்பதும் அதன் விளைவு. துருக்கியின் அலன்யா மீனவர்கள் வேறு வழி கண்டனர்: மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அடுத்த இடத்துக்கு நகர்ந்ததால், நல்ல இடம் யாருடைய தனிச்சொத்தாகவும் ஆகவில்லை.

காட்டை நிர்வகிக்கும் குழுவில் குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற விதியும் இத்தகையதே. காட்டில் விறகு சேகரிப்பவர் பெண்ணாக இருக்க, கூட்டத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் ஆணாகிவிடுவதால், விறகுக்குத் தடை விதிக்கும் தீர்மானம் அதனால் அல்லல்படுபவர் இல்லாமலேயே நிறைவேறிவிடும்.

கணக்கும் கண்காணிப்பும் நிர்வாகக் குழுத் தலைவரின் ஆட்களிடமே இருந்தால் தேர்தல் நடத்தியும் பயனில்லை. இதற்கு மாறாக, ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் பாசன வழக்குகளைக் கேட்கும் நீர் நீதிமன்றத்தில், விவசாயிகளே தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் எல்லோரும் பார்க்க வழக்கைக் கேட்டு, அங்கேயே தீர்ப்புச் சொல்கின்றனர்.