ஃபிளாரன்சுக்கு ரயிலில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமிலிருந்து ஃபிளாரன்சுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். இந்த வேகமே பலருடைய திட்டத்தைக் கெடுக்கிறது. காலையில் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு, மாலையே வெனிசுக்கு வண்டி ஏறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கையில் இருப்பது ஆறு மணி நேரம். அதில் பாதி வரிசையிலேயே கரைந்துவிடும். இரண்டு இரவு தங்க முடியாவிட்டால் ஃபிளாரன்சை இன்னொரு பயணத்துக்குத் தள்ளிவையுங்கள் என்பேன்.

குழப்பம் பெயரிலிருந்தே தொடங்கும். இத்தாலியர்களுக்கு அந்த ஊர் ஃபிரென்சே. அதுவும் ரோம் டெர்மினி நிலையத்துப் பலகையில் பெரிதாகத் தெரியாது. வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் மிலானோ, வெனேசியா போன்ற ஊர்களின் பெயர்தான் இருக்கும். ஊரைத் தேடாமல் டிக்கெட்டில் உள்ள வண்டி எண்ணைத் தேடுங்கள்.

இறங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ஊரின் மையத்தில் இருப்பது சாந்தா மரியா நொவெல்லா நிலையம். அங்கே தண்டவாளம் முடிந்துவிடுவதால், உள்ளே வந்த வண்டி வந்த வழியே திரும்பித்தான் போக வேண்டும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தச் சில வண்டிகள் காம்போ தி மார்த்தே, ரிஃப்ரேதி என்ற நிலையங்களில் மட்டும் நின்று போய்விடும். தப்பான இடத்தில் இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம், உள்ளூர் ரயிலில் சில நிமிடங்கள்தான். டாக்சிக்குப் பணம் அழாதீர்கள்.

அபராதம் கட்ட வைக்கும் தவறு வேறு. பீசா, லூக்கா போன்ற பக்கத்து ஊர்களுக்குப் போகும் ரெஜியோனாலே என்ற வட்டார வண்டிக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தான் என்றாலும், முத்திரை இல்லையென்றால் பரிசோதகர் அபராதம் கேட்பார். அதிவேக வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. நாள், நேரம், இருக்கை எல்லாம் டிக்கெட்டிலேயே இருக்கும். அதன் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும் என்பதால் முன்பே எடுத்துவிடுங்கள். ரெஜியோனாலே கட்டணம் மாறாது, அன்றைக்கே எடுக்கலாம்.

இனி ஊருக்குள். திங்கட்கிழமை வந்து இறங்குவதைப் போல் வீணான காரியம் இல்லை. உஃபீட்சி, அக்காதெமியா என்ற பெரிய கலைக்கூடங்கள் இரண்டுமே அன்று மூடியிருக்கும். மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை 1873 முதல் அக்காதெமியாவில்தான் இருக்கிறது. சிஞ்ஞோரியா சதுக்கத்தில் வெயிலில் நிற்பது நகல். அதன் முன் படம் எடுத்துக்கொண்டு 'பார்த்தாயிற்று' என்று கிளம்புகிறவர்கள் ஏராளம்.

புருனெல்லெஸ்கி கட்டிய பேராலயக் குவிமாடத்தில் ஏற 463 படிகள், லிஃப்ட் கிடையாது. நேரம் குறித்து முன்பதிவு செய்யாமல் போனால் ஏமாற்றம்தான். ஆலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

உஃபீட்சியை ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. ஃபிளாரன்சை ஆண்டு, அங்குள்ள கலைத் தொகுப்பைச் சேர்த்த மெதீச்சி வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா 1737-இல் செய்த ஒப்பந்தத்தின்படி, குடும்பத்தின் கலைச் செல்வங்களை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்தப் பெண்மணி அப்படி எழுதி வாங்கியிருக்காவிட்டால் அவை எங்கெங்கோ சிதறியிருக்கும். போத்திச்செல்லி ஓவியங்கள் உள்ள அறைகளுக்கு மட்டுமாவது அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாப்பாட்டில் ஒன்றிரண்டு. தெருவண்டிகளில் ரொட்டிக்குள் வைத்துத் தரும் லாம்ப்ரெதோத்தோ மாட்டின் இரைப்பை. வேண்டாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். காய்கறி, பீன்ஸ், ரொட்டி சேர்ந்த ரிபொல்லித்தா சூப் சைவக்காரர்களுக்கு ஒத்துவரும், இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஒரு தொகை இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். அது உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது, மெனுவிலேயே போட்டிருப்பார்கள். மேசைக்கு வரும் ரொட்டியில் உப்பே இருக்காது. சமையல்காரர் மறந்துவிடவில்லை, ஃபிளாரன்ஸ் இருக்கும் தொஸ்கானா மாநிலத்தில் ரொட்டியே அப்படித்தான்.