காலில் செல்லுலைட்டிஸ் கண்டால் செய்ய வேண்டியவை

ஒரு காலில் மட்டும் தோல் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டு, குளிர்காய்ச்சலும் தொடையிடுக்கில் நெறி கட்டுதலும் சேர்ந்துகொண்டால், அது தோலுக்கடியில் பாக்டீரியா பரவும் செல்லுலைட்டிஸாக இருக்க வாய்ப்பு மிகுதி. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது என்பதால், புறங்கையை இரு கால்களிலும் மாறி மாறி வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நாளத்தில் இரத்தம் உறைந்தாலும் ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கக்கூடும்; எனவே மருத்துவர் பார்க்காமல் எதுவென்று முடிவு கட்டக் கூடாது.

மருத்துவரிடம் புறப்படும் முன், சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள். மருந்து தொடங்கிய முதல் நாளில் சிவப்பு கோட்டைச் சற்றுத் தாண்டுவது உண்டு. அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் 48 மணி நேரம் கழிந்தும் பரவிக்கொண்டே இருந்தால், அல்லது காய்ச்சல் இறங்காவிட்டால், மறுபடியும் காட்டியாக வேண்டும்.

பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் சில வேளை ஸ்டாஃபிலோகாக்கஸும் இதற்குக் காரணம். சிக்கலற்ற நிலையில் மருத்துவர் வழக்கமாக 5 முதல் 7 நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை தருவார். பெனிசிலின் ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்குவதும், வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்துவதும் தவறு. மேலே தடவும் களிம்பு அந்த ஆழத்துக்கு எட்டாது; பத்துப் போடுவதும் அக்கி எழுதுவதும் நேரத்தைத்தான் விழுங்கும்.

மாத்திரைக்கு அடுத்தபடியாக உதவுவது காலை உயர்த்தி வைப்பதே. நாற்காலியில் அமர்ந்து முக்காலியில் கால் நீட்டினால் போதாது. படுத்து, கெண்டைக்கால் நெஞ்சு மட்டத்துக்கு மேல் இருக்கும்படி தலையணைகளை அடுக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவுவதையும், சீழ் தெரிந்தால் பிதுக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

பார்வைக்குத் தெரிவதைக் காட்டிலும் வலி கடுமையாக இருந்தாலோ, தோல் கருநீலமாக மாறி இரத்தக் கொப்புளம் எழும்பினாலோ, நோயாளி குழம்பிப் பேசினாலோ, மூச்சு வாங்கினாலோ, கண்ணைச் சுற்றி வீக்கம் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது: ஆம்புலன்ஸ் எண் தமிழகத்தில் 108, இலங்கையில் 1990. சர்க்கரை நோயாளிகள் சிறு சிவப்பையும் அன்றே காட்டுவது நலம்.

காய்ச்சல் தணிந்த பிறகு கால்விரல் இடுக்குகளைப் பாருங்கள். பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். குறிப்பாக நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து ஊறி, வெடித்து நாறினால் அது சேற்றுப்புண். கிருமி நுழையும் வாசல் பல வேளை அதுவே. பித்தவெடிப்பும் அப்படியே. கழுவியபின் ஒவ்வோர் இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்தி, பூஞ்சையைக் கொல்லும் குளோட்ரிமசோல் களிம்பை மருத்துவர் சொல்லும் வாரங்கள்வரை விடாமல் தடவ வேண்டும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி மடிப்புகளை உலர்த்துவது அன்றாட மருத்துவமே. இவ்வளவுக்குப் பிறகும் ஆண்டுக்குப் பலமுறை திரும்பினால், பெனிசிலினைக் குறைந்த அளவில் மாதக்கணக்கில் தொடர்வது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.