பாட்டைக் கேட்டே கிதாரின் ட்யூனிங்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிதாரில் கார்டு (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் பிடி) எல்லாம் சரியாகத்தான் பிடிக்கிறீர்கள். ஆனாலும் அந்தப் பாட்டு மாதிரி இல்லை. பதிவில் ஏதோ ஒரு கம்பி பின்னால் ரீங்காரமிட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் கையில் அது பாதியிலேயே செத்துவிடுகிறது. சுண்டுவிரலை நீட்டி நீட்டி நரம்பு இழுத்துக்கொண்டதுதான் மிச்சம். ஒரு பாட்டோடு நான் இரண்டு மாதம் இப்படி மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் பதிவில் வாசித்தவர் கிதாரை வேறு மாதிரி ட்யூன் செய்து வைத்திருக்கிறார். அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: கை அளவுக்கு மீறி வலித்தால் முதலில் ட்யூனிங்கைச் சந்தேகப்படுவேன்.

தடித்த கம்பி 6-ஆவது, மெல்லியது 1-ஆவது. வழக்கமான ட்யூனிங் தடித்ததிலிருந்து, மேற்கத்திய சுரப் பெயர்களில், ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இது தெரிந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

முதலில் நான்கைந்து ட்யூனிங்கை மனதில் வையுங்கள்

விரலால் மீட்டும் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருபவை சிலதான். டிராப் டி என்பது 6-ஆவது கம்பியை மட்டும் இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) அளவு இறக்கி டி ஆக்குவது. ஓப்பன் ட்யூனிங் என்றால் எந்தக் கம்பியையும் அழுத்தாமலே ஒரு கார்டு ஒலிக்கும். ஓப்பன் ஜி: டி, ஜி, டி, ஜி, பி, டி. ஹவாய்க்காரர்கள் கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கும் தங்கள் ஸ்லாக் கீ பாணியில் இதையே டாரோ பேட்ச் என்பார்கள். ஓப்பன் டி: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஓப்பன் சி: சி, ஜி, சி, ஜி, சி, ஈ.

அப்புறம் டாட்காட்: டி, ஏ, டி, ஜி, ஏ, டி. இங்கிலாந்தின் கிதார் கலைஞர் டேவி கிரஹாம் 1960-களின் தொடக்கத்தில், மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்திக் கருவி வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்கத் தோதாக இதற்கு வந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். டி-யை ஸட்ஜமாக வைத்தால் இது ச, ப, ச, ம, ப, ச. வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளும் ச, ப, ச, ப என்றுதானே இருக்கின்றன? எழுத்துகளை மனப்பாடம் செய்வதைவிட இப்படி ஸ்வரமாக எழுதிக்கொள்ளுங்கள். கேப்போ (ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் எழுத்துகள் எல்லாம் மாறிவிடும். ச-ப உறவு மாறாது. இந்த ஒரு பழக்கம் பின்னால் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

படி 1: ஆகக் கீழான சுரத்தைப் பிடியுங்கள்

ஹெட்ஃபோன் கட்டாயம். வழக்கமான 6-ஆவது கம்பியின் ஈ 82.4 ஹெர்ட்ஸ், இறக்கிய டி 73.4 ஹெர்ட்ஸ். செல்ஃபோன் ஸ்பீக்கரில் இவ்வளவு கீழ் ஒலி சரியாக வராது. அதன் மேல் ஸ்தாயிதான் காதில் விழும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள்.

கட்டைவிரல் எந்த பேஸ் சுரத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேளுங்கள். அதை வாயால் பாடி, ட்யூனர் ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஈ-க்குக் கீழே போனால் 6-ஆவது கம்பி இறங்கியிருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

பழைய பதிவாக இருந்தால் இன்னொரு சிக்கல். டேப் ஓடிய வேகத்தால் சுருதி இரண்டு சுரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் முதலில் உங்கள் கிதாரைப் பதிவோடு சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 2: ஓப்பன் கம்பிகளை வேட்டையாடுங்கள்

நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். யூட்யூபில் வேகத்தை 0.5 ஆக்கினாலும் சுருதி மாறாது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளிலும் அப்படிச் செய்யலாம். பத்து விநாடித் துண்டு ஒன்றை எடுத்துச் சுற்றிச் சுற்றிக் கேளுங்கள்.

கார்டு என்ன என்ற கேள்வியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எது ஓப்பன் என்பது மட்டும்தான் கேள்வி. விரல் அழுத்தாத கம்பிக்குத் தனிக் குணம் உண்டு. கொஞ்சம் கணீரென்று இருக்கும். கார்டு மாறும்போது மற்ற சுரங்கள் அறுந்துபோனாலும் இது மட்டும் அடுத்த கார்டின் மேல் வழிந்து நிற்கும். ஹேமர்-ஆன் (மீட்டாமல் இடது கை விரலால் தட்டி அடுத்த சுரத்தை எழுப்புவது) பெரும்பாலும் ஓப்பன் கம்பியிலிருந்துதான் கிளம்பும். புல்-ஆஃப் (அதே விரலை இழுத்து எடுத்துக் கீழ்ச் சுரத்தை எழுப்புவது) அதில்தான் போய் விழும். பாட்டின் கடைசி மீட்டல் இன்னும் நல்ல தடயம். இடது கையை எடுத்துவிட்டு எல்லாக் கம்பியையும் தடவி முடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு.

இன்னொன்று: பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு, ஜி-யும் ஏ-வும் மாதிரி, ஒன்றாக உரசிக்கொண்டு நீண்டு ஒலிக்கின்றனவா? வழக்கமான ட்யூனிங்கில் அதற்கு விரலைக் கிழித்துக்கொள்ள வேண்டும். டாட்காட்டில் 3-ஆவது, 2-ஆவது கம்பிகளைச் சும்மா மீட்டினாலே வந்துவிடும்.

சந்தேகமின்றிக் கேட்டவற்றை மட்டும் கீழிருந்து மேலாக எழுதுங்கள். ஆறும் கிடைக்காது. நான்கு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

படி 3: கேப்போவைக் கழியுங்கள்

இதற்கு ஒரு நிஜ உதாரணம். ஆங்கிலேயப் பாடகரும் கிதார் கலைஞருமான நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' தொகுப்பு 1971 அக்டோபரில் லண்டனில் இரண்டே இரவுகளில் பதிவாகி 1972-இல் வந்தது. தலைப்புப் பாட்டில் சேர்த்த கொஞ்சம் பியானோ தவிர முழுக்க அவர் குரலும் கிதாரும்தான். காதுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பதிவு எனக்குத் தெரியாது.

அந்தத் தலைப்புப் பாட்டின் ஓப்பன் கம்பிகளை எழுதினால் டி, ஏ, டி, ஜி, டி, எஃப் ஷார்ப் என்று வரும். ஸ்வரத்தில் ச, ப, ச, ம, ச, க. இனி கழித்தல் கணக்கு. கேப்போ இல்லாமல் இது வர வேண்டுமானால் 1-ஆவது கம்பியை ஈ-யிலிருந்து இரண்டு ஃப்ரெட் அளவும், 2-ஆவதை பி-யிலிருந்து மூன்று ஃப்ரெட் அளவும் ஏற்ற வேண்டும். அவ்வளவு முறுக்கினால் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கலாம். ஆக, கேப்போ இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் இரண்டு ஃப்ரெட்டைக் கழியுங்கள்: சி, ஜி, சி, எஃப், சி, ஈ. இப்போது 1-ஆவது கம்பியைத் தொடவே வேண்டாம். 2-ஆவது ஒரே ஒரு ஃப்ரெட் ஏறுகிறது. மற்ற நான்கும் இறங்குகின்றன. இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போவோடு இந்த ட்யூனிங்கைத்தான் வாசிப்பவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பொதுவாக மனிதர்கள் கம்பியை ஏற்றுவதைவிட இறக்கவே விரும்புவார்கள். நிறைய ஏற்ற வேண்டிய விடை வந்தால் கேப்போவைத் தேடுங்கள்.

படி 4: கிதாரில் போட்டுப் பாருங்கள்

முதல் தடவை டாட்காட்டில் பழகுங்கள். ட்யூனரே வேண்டாம். 4-ஆவது கம்பியை (டி) மீட்டி, 6-ஆவதை அதன் கீழ் ஸ்தாயி ஆகும்வரை இறக்குங்கள். 5-ஆவது கம்பியின் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்ஸோடு (அழுத்தாமல் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் மணியொலி) 2-ஆவதையும், 4-ஆவதன் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்ஸோடு 1-ஆவதையும் சேருங்கள். மூன்று கம்பி, மூன்றும் இறக்கம்தான்.

இறக்கும்போது வேண்டியதற்குச் சற்றுக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். இல்லையென்றால் வாசிக்க வாசிக்க நழுவும். சில கம்பிகள் தளர்ந்ததும் கழுத்தின் வளைவு மாறி, தொடாத கம்பிகளின் சுருதிகூடக் கொஞ்சம் ஏறிவிடும். ஆகவே ஆறையும் இரண்டு சுற்று பாருங்கள். 6-ஆவது கம்பி சி வரை போகும் ட்யூனிங்கில் 12-53 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தொளதொளவென்று ஃப்ரெட்டில் இடிக்கும். அடிக்கடி அங்கே போவீர்கள் என்றால் 13-56 செட் வாங்குங்கள்.

டாட்காட் ஆனதும் 3-ஆவது கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டை மட்டும் அழுத்தி, கட்டைவிரலால் 6, 4, 5, 4 என்று நடந்துகொண்டே மெல்லிய கம்பிகளை மற்ற விரல்களால் தொடுங்கள். ஒரு விரலில் இவ்வளவு ஒலியா என்று இருக்கும்.

படி 5: பாட்டின் கஷ்டமான இடத்தில் சோதியுங்கள்

சுலபமான இடம் எந்த ட்யூனிங்கிலும் எப்படியோ வந்துவிடும், அது சாட்சி ஆகாது. உங்களை முதலில் படுத்திய அந்த இடத்தையே வாசியுங்கள். விடை சரி என்றால் அது ஒன்றிரண்டு விரலில் சாதாரணமாக விழும். இன்னும் ஐந்து ஃப்ரெட் தாண்டி நீட்ட வேண்டியிருந்தால் ஏதோ ஒரு கம்பியை நீங்கள் தப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பெரும்பாலும் 3-ஆவது கம்பியாகவே இருக்கும். எஃப் ஷார்ப்பா ஜி-யா என்பதில் காது தடுமாறும்.

நீங்கள் வாசிப்பதை ஃபோனில் பதிந்து மூலத்தோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். அங்கே ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பி உங்களிடம் எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, அந்த ஒரு கம்பிக்கு மட்டும் மறுபடி படி 2. மற்ற ஐந்தையும் தொடாதீர்கள்.