ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாமா? ஆரம்பநிலையினருக்கு

தண்டனை விழுந்ததும் "நேரா ஹைகோர்ட்டுக்குப் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அப்படிப் போக முடியாது. சட்டம் வழிவிட்ட இடத்தில்தான் அப்பீல் உண்டு. கிரிமினல் வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பழைய சிஆர்பிசியில் இது 372.

படி 1: தண்டித்தது யார் என்று பாருங்கள். செஷன்ஸ் (மாவட்ட அளவிலான கிரிமினல் கோர்ட்) அல்லது கூடுதல் செஷன்ஸ் நீதிபதி என்றால் அப்பீல் ஹைகோர்ட்டுக்கு. வேறு கோர்ட் 7 ஆண்டுக்கு மேல் சிறை விதித்திருந்தாலும் அப்படியே. மற்றபடி மாஜிஸ்திரேட் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு. செக் பவுன்ஸ் வழக்கில் ஓராண்டு சிறை என்று வையுங்கள்: முதலில் செஷன்ஸ் கோர்ட், அங்கும் தோற்றால் ஹைகோர்ட்டில் ரிவிஷன், அதாவது கீழ்க்கோர்ட் தீர்ப்பு சட்டப்படி சரியா என்று பார்க்கும் மறுஆய்வு. சிவில் வழக்கு நடத்திப் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். கிரிமினலில் செகண்ட் அப்பீல், அதாவது அப்பீலில் தோற்ற பிறகு இன்னொரு அப்பீல், கிடையாது. ரிவிஷனில் சாட்சியத்தை ஆதியோடந்தமாக மறுபடி அலச மாட்டார்கள். விடுதலையைத் தண்டனையாக மாற்றவும் முடியாது.

படி 2: குற்றத்தை ஒப்புக்கொண்டீர்களா? "ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்ற பேச்சை நம்பித் தலையாட்டியவர் செஷன்ஸ் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டால், பிறகு தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் மட்டுமே ஹைகோர்ட்டில் கேள்வி கேட்கலாம். செஷன்ஸ் கோர்ட் தந்தது 3 மாதத்துக்கு மிகாத சிறையோ 200 ரூபாய்க்கு மிகாத அபராதமோ மட்டும் என்றால் அப்பீலே இல்லை.

படி 3: நாளை எண்ணுங்கள். ஹைகோர்ட்டுக்கு 60 நாள். மரண தண்டனைக்கு 30. தீர்ப்பு நகல் வாங்கப் பிடித்த காலம் இதில் சேராது. சான்றிட்ட நகலில் மனுப் போட்ட தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் இருக்கும்; அந்தப் பக்கத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

படி 4: குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டாரா? அரசு அப்பீல் போட ஹைகோர்ட்டின் அனுமதி வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அது வேண்டாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தண்டனை குறைவு என்று மட்டும் அவர் அப்பீல் போட முடியாது, அது அரசின் வேலை.

"அப்பீல் போட்டா தண்டனையைக் கூட்டிடுவாங்களா?" என்று பயப்படுபவர்கள் உண்டு. தண்டிக்கப்பட்டவர் போட்ட அப்பீலில் கூட்ட முடியாது. அதற்கு அரசு தனியாக அப்பீல் போட வேண்டும், அல்லது ஹைகோர்ட்டே ரிவிஷனாக எடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எப்படியானாலும் அவர் தரப்பைக் கேட்காமல் கூட்ட மாட்டார்கள்.