ராஸ்பெரி பையில் ஜிபிஎஸ் நேர சர்வர் அமைப்பது எப்படி?

இணையம் எட்டாத நெட்வொர்க்கில் நாலைந்து கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு நேரம் காட்டும். லாக் கோப்புகளை வைத்துக்கொண்டு எது முதலில் நடந்தது என்று தேடியவர்களுக்குத்தான் அந்த அவதி தெரியும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. அந்த நேரத்தை ஒரு சின்ன ரிசீவரில் பிடித்து, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி வழியாக எல்லாக் கணினிக்கும் கொடுத்துவிடலாம்.

ரிசீவர் வாங்கும்போது பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு துடிப்பு) என்று எழுதிய இணைப்பு முனை, அதாவது பின் (pin), இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சீரியல் ஒயர் வழியாக ரிசீவர் அனுப்பும் என்எம்இஏ என்ற வடிவ வரிகள் இத்தனை மணி, இத்தனை விநாடி என்று எழுத்தில் சொல்லும், ஆனால் அந்த வரி வந்து சேர்வதற்குள் சில நூறு மில்லிவிநாடி ஓடியிருக்கும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இருக்காது. பிபிஎஸ் பின்னில் வருவது வெறும் மின்துடிப்பு. எந்த விநாடி என்று அதற்குத் தெரியாது, ஆனால் விநாடி பிறக்கும் கணத்தை மைக்ரோவிநாடிக்கும் குறைவான பிழையில் காட்டும். எழுத்து விநாடியின் பெயரைச் சொல்கிறது, துடிப்பு அந்த விநாடி பிறந்த கணத்தைச் சொல்கிறது; இரண்டும் வேண்டும். சாதாரண யூஎஸ்பி ரிசீவர்களில் பெரும்பாலும் இந்தத் துடிப்பு கிடைக்காது.

சரி, ஒயரிங். நான் செய்தது பை 4-இல் (பை 5-இல் சீரியல் போர்ட் பெயர் மாறும்). ரிசீவரின் கிரவுண்ட் 6-ஆம் பின்னுக்கு, டிஎக்ஸ் (தரவை அனுப்பும் முனை) 10-ஆம் பின்னுக்கு, பிபிஎஸ் 12-ஆம் பின்னுக்கு (மென்பொருளில் இதன் பெயர் ஜிபிஐஓ 18). மின்சாரத்துக்கு 3.3 வோல்ட்டா 5 வோல்ட்டா என்று போர்டைப் பார்த்துக் கொடுங்கள். சிக்னல் ஒயரில் 3.3-ஐத் தாண்டினால் பை கெட்டுவிடும்.

அப்புறம் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் சீரியல் லாகினை அணைத்து, சீரியல் போர்ட்டை மட்டும் இயக்குங்கள். பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் கோப்பில் பிபிஎஸ்-ஜிபிஐஓ ஓவர்லேயை (துடிப்பைக் கவனிக்கச் சொல்லும் வரி) சேர்த்து, ஜிபிஐஓ எண் 18 கொடுத்து ரீபூட் செய்யுங்கள். ஜிபிஎஸ்டி (ரிசீவரைப் படிப்பது), க்ரோனி (கடிகாரத்தைச் சரிசெய்து மற்ற கணினிகளுக்கு நேரம் கொடுப்பது), பிபிஎஸ்-டூல்ஸ் (துடிப்பைச் சோதிப்பது) மூன்றையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். முதல் தடவை நான் அதை இரும்பு அலமாரிக்குள் வைத்துவிட்டு, ஒயரிங்தான் தப்பு என்று ஒரு மாலை முழுக்கக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் வைத்ததும் சில நிமிடங்களில் ரிசீவரின் விளக்கு விநாடிக்கு ஒரு தடவை மின்ன ஆரம்பித்தது. இப்போது பிபிஎஸ்டெஸ்ட் ஓட்டுங்கள், விநாடிக்கு ஒரு வரி வரும். வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

ஜிபிஎஸ்டி அமைப்பில் சீரியல் போர்ட்டைக் கொடுத்து, யாரும் கேட்காவிட்டாலும் ரிசீவரைப் படிக்கச் சொல்லும் -n என்ற ஆப்ஷனையும் போடுங்கள். க்ரோனியின் அமைப்புக் கோப்பில் இரண்டு ரெஃப்க்ளாக் (ஆதாரக் கடிகாரம்) வரிகள். முதலாவது ஷேர்டு மெமரி 0 (ஜிபிஎஸ்டி நேரத்தை வைக்கும் இடம்), பெயர் என்எம்இஏ, நோசெலக்ட் (இதை நேரடியாகப் பின்பற்றாதே). இரண்டாவது பிபிஎஸ் சாதனம், லாக் (lock) என்எம்இஏ, அதாவது எந்த விநாடி என்பதை முதல் வரியிலிருந்து எடுத்துக்கொள். முதல் வரியின் ஆஃப்செட்தான் (என்எம்இஏ வரியின் தாமதத்தை ஈடுகட்டும் எண்) பலரைத் திணறடிக்கிறது. 0.2 விநாடி என்று தொடங்கி, நேரம் சரியாக உள்ள வேறொரு சர்வரோடு தற்காலிகமாக ஒப்பிட்டு, என்எம்இஏ வரியின் பிழை பூஜ்யத்தை நெருங்கும்வரை மாற்றுங்கள். கூட்டல், கழித்தல் குறியைத் தப்பாகப் போட்டால் பிழை இரட்டிப்பாகும். அரை விநாடிக்கு மேல் தவறினால் துடிப்பு பக்கத்து விநாடியோடு சேர்ந்துவிடும்.

க்ரோனிசி சோர்ஸஸ் என்ற கட்டளையை அடித்தால் பிபிஎஸ் வரிக்கு முன்னால் ஹேஷும் நட்சத்திரமும் தெரிய வேண்டும்; க்ரோனி துடிப்பைப் பின்பற்றுகிறது என்று அர்த்தம். பிபிஎஸ்டெஸ்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள்: முன்பு புள்ளிக்குப் பின் ஏதேதோ எண்கள் வந்த இடத்தில் இப்போது 000001, 999999 என்று வரும், அதாவது பையின் கடிகாரம் துடிப்போடு ஒன்றிவிட்டது. எனக்கு இந்த இடத்தைப் பார்க்க இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.

கடைசியாக, க்ரோனியில் அலவ் (அனுமதி) வரியில் உங்கள் நெட்வொர்க்கின் முகவரித் தொகுதியைக் கொடுத்து, ஃபயர்வாலில் நேரம் கேட்கும் போர்ட்டான யூடிபி 123-ஐத் திறந்துவிடுங்கள். மற்ற கணினிகளில் பையின் முகவரியை நேர சர்வராகக் கொடுத்தால் வேலை முடிந்தது.